நர்பதா: ஒரு பசுவின் பெயரும் ஒரு போர்க்கப்பலும்

எங்கள் வீட்டுத் தொழுவத்தில் எந்தக் காலத்திலும் ஒரு பசுவுக்கு நர்பதா என்று பெயர் இருக்கும். ஒரு நர்பதா கிழடாகிக் கழிந்தால், அதன் கன்றுகளில் ஒன்றுக்கு அந்தப் பெயர் போய்ச் சேரும். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊர்களில் மாட்டை லட்சுமி என்றோ, நிறத்தை வைத்துச் செவலை, மயிலை என்றோதான் கூப்பிடுவார்கள். வடக்கே ஓடும் ஒரு நதியின் பெயரை எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பசுவுக்கு வைத்தவர் என் தாத்தாவின் தம்பி. நர்மதா என்பதைச் சரியாகச் சொல்ல வராமல் அவர் நர்பதா என்று சொன்னார் என்றும், அந்தப் பிழையே நிலைத்துவிட்டது என்றும் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் சரியாகத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரிய வருவதற்குள் அவர் காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

சின்னத் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஊரில் அவரை எம்டன் என்றுதான் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர், நம் பேச்சில் கெட்டிக்காரனையும் பொல்லாதவனையும் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. கப்பலில் இருந்த மனிதருக்கு அந்தப் பட்டப்பெயர் பொருத்தமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் பட்டப்பெயர் பிறகு கதையாக வளர்ந்தது. அவர் எம்டன் கப்பலோடு சண்டை போட்டவர் என்று என் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது, நாங்களும் அதை நம்பினோம். அவர் பிறந்தது 1923இல். எம்டன் கோக்கோஸ் தீவில் தரைதட்டிச் சிதைந்து கிடந்ததற்கும் அவர் பிறந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. இந்தச் சின்னக் கணக்கைக் கூட யாரும் போட்டுப் பார்த்ததில்லை. அவரும் யாரையும் திருத்தவில்லை.

பழைய வீட்டின் மச்சைப் பிரித்துக் கட்டியபோது அவருடைய டிரங்குப் பெட்டி கீழே வந்தது. பெட்டியில் வேட்டிகளும் ஒரு பஞ்சாங்கக் கட்டும் நிலப் பத்திரங்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு துண்டில் முடிந்து வைத்த மூன்று பதக்கங்கள், ஒரு புகைப்படம், நான்காக மடித்த ஒரு கெட்டித்தாள் ஆகியவை கிடைத்தன. கடந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த தேடல் முழுவதும் இந்த மூன்றிலிருந்து தொடங்கியதுதான். அதை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் நம் தென்மாவட்டங்களில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் பல வீடுகளின் பரணில் இருக்கின்றன.

முதலில் புகைப்படம். பம்பாய் கொலாபாவில் இருந்த ஒரு ஸ்டுடியோவின் முத்திரை பின்புறம் இருக்கிறது. இரண்டு இளைஞர்கள் வெள்ளைச் சீருடையில் நிற்கிறார்கள். வலப்பக்கம் நிற்பவர் சின்னத் தாத்தா, இடப்பக்கம் நிற்பவர் யார் என்பதை நான் இன்று வரை கண்டுபிடிக்கவில்லை. தொப்பியைச் சுற்றியுள்ள கறுப்பு நாடாவில் எழுத்துகள் தெரிந்ததும் கப்பலின் பெயர் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் எச்.எம்.ஐ.எஸ். என்ற நான்கு எழுத்துகள் மட்டுமே இருந்தன. மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல் என்பதன் சுருக்கம் அது. அமைதிக் காலத்தில் அந்த எழுத்துகளை அடுத்துக் கப்பலின் பெயரும் இருக்கும். போர்க்காலத்தில், துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது என்பதைக் கடைவீதியில் திரியும் மாலுமியின் தொப்பியைப் பார்த்து எதிரியின் ஆள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகப் பெயரை நீக்கிவிட்டார்கள்.

நாடா சொல்லாததைச் சட்டைக் கை ஓரளவு சொன்னது. வலக்கையின் மேற்புறத்தில் ஒரு சின்னம் தைத்திருந்தது. இரண்டு சிறு கொடிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக நிற்கும் சின்னம். பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கத்தையே பின்பற்றிய ராயல் இந்தியக் கடற்படையில், பீரங்கிக்காரருக்கு ஒரு சின்னம், டார்பிடோ பிரிவுக்கு ஒன்று, தந்தியாளருக்கு மின்னலும் இறக்கையும் என்று தொழிலுக்கு ஒரு சின்னம் உண்டு. குறுக்குக் கொடிகள் சிக்னல்மேனுக்கு உரியவை. அதாவது கொடியாலும் விளக்காலும் கப்பலுக்குக் கப்பல் செய்தி சொல்பவர். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவராகவே எங்கள் கற்பனையில் இருந்த மனிதர், கொடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் என்பது அன்றுதான் தெரிந்தது.

பதக்கங்கள் மூன்றில் இரண்டு ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரங்கள், ஒன்று வட்டமானது. விளிம்பில் பெயரோ எண்ணோ இல்லை. பெயர் இல்லாத பதக்கம் யாருடையது என்று நிரூபிக்க முடியாது என்று முதலில் சோர்ந்து போனேன். ஆனால் எந்தெந்தப் பதக்கங்கள் சேர்ந்து கிடைக்கின்றன என்பதே ஒரு சாட்சி. ஒரு நட்சத்திரத்தின் நடுவில் 1939–1945 நட்சத்திரம் என்றும், இன்னொன்றில் பர்மா நட்சத்திரம் என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. வட்டமானது போர்ப் பதக்கம். கடற்படையில் இருந்தவர் போர் நடந்த கடற்பகுதியில் ஆறு மாதம் கப்பலில் பணியாற்றினால்தான் முதல் நட்சத்திரம் கிடைக்கும். அதைப் பெற்ற பிறகுதான் பர்மா நட்சத்திரத்துக்கு உரிமை வரும். கடற்படையினரைப் பொறுத்தவரை அதற்குரிய எல்லை வங்காள விரிகுடாவையும் மலாக்கா நீரிணையையும் உள்ளடக்கியது. ஆகவே இந்த இரண்டு நட்சத்திரங்களும் ஒரே துண்டில் முடிந்து கிடந்தன என்றால், சின்னத் தாத்தா பம்பாய்க் கரை முகாமில் உட்கார்ந்து போரைக் கழித்தவர் அல்லர் என்று பொருள். அவர் கப்பலில் இருந்தார், அதுவும் நம் கிழக்குக் கடலில் இருந்தார். இந்தியாவுக்குள் போர்முனை அல்லாத பணியில் மூன்று ஆண்டுகள் கழித்தவர்களுக்குத் தந்த இந்தியப் பணிப் பதக்கம் அந்த முடிச்சில் இல்லை. இல்லாததும் இங்கே ஒரு தகவல்தான்.

மூன்றாவது, அந்த மடித்த தாள். அது அவருடைய பணிச் சான்றிதழ். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, உயரம், உடலில் உள்ள அடையாளங்கள், பணி எண் ஆகியவை மேலே இருந்தன. இடப்பக்கக் கணுக்காலில் ஒரு தழும்பு என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அப்பா, "அது பனை மட்டை அறுத்தது" என்றார். அடுத்து ஓர் அட்டவணை. எந்தக் கப்பல், எந்தப் பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரிசையாகப் பதிந்திருந்தார்கள். கடைசிக் கட்டங்களில் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் தேதிக்கு நேராக வி.ஜி. என்ற இரண்டு எழுத்துகள் வந்தன. யாரோ அதிகாரியின் தலைப்பெழுத்து என்று நினைத்துச் சில வாரம் ஒரு வி.ஜி.யைத் தேடி அலைந்தேன். நடத்தை மிக நன்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது என்று பிறகு தெரிந்தது.

அட்டவணையின்படி அவர் 1942 நவம்பரில் சேர்ந்திருக்கிறார். அந்த ஆண்டு என்ன ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது, அன்றே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. சென்னை நகரம் பாதி காலியானது. எங்கள் ராமநாதபுரச் சீமைக்குப் பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் மக்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு ஓடி வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித் திரும்பியவர் ஒருவர் இருந்தார். சின்னத் தாத்தாவின் தாய்மாமன் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர், கட்டிய வேட்டியோடு வந்து சேர்ந்தவர். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கடற்படைக்குப் போனதற்குச் சம்பளம் ஒரு காரணமாக இருந்திருக்கும். மானாவாரி நிலத்தை நம்பியிருந்த வீட்டுக்கு மாதந்தோறும் வரும் பணம் பெரியது. ஆனாலும் தாய்மாமன் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைகளும் அவர் காதில் விழுந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

போர் தொடங்கியபோது அந்தக் கடற்படையில் இருந்த மாலுமிகள் 1,700 சொச்சம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் கொங்கணக் கரையையும் பஞ்சாபையும் சேர்ந்தவர்கள். போர் முடிவதற்குள் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியது. அந்தப் பெருக்கத்தில்தான் சென்னை மாகாணத்துப் பிள்ளைகள் அதிகமாக உள்ளே போனார்கள். ஆங்கிலம் படித்தவர்களைத் தகவல் தொடர்புப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கமுதியில் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தது சின்னத் தாத்தாவைப் பம்பாயில் இருந்த தல்வார் என்ற சிக்னல் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. தல்வார் ஒரு கப்பல் அல்ல, கரையில் இருந்த பயிற்சி நிலையம். ஆனால் கடற்படை வழக்கத்தில் கரை நிலையத்துக்கும் கப்பலைப் போலவே பெயரும் எச்.எம்.ஐ.எஸ். என்ற முன்னொட்டும் உண்டு. தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் அடையாறு, கொச்சியில் வெண்டுருத்தி, விசாகப்பட்டினத்தில் சர்க்கார்ஸ் என்று சான்றிதழில் கண்டால், அந்தப் பெயரில் ஒரு கப்பலைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

தல்வாருக்கு அடுத்த வரியில்தான் சிக்கல் இருந்தது. 1944 ஜூன் முதல் 1945 அக்டோபர் வரை அவர் இருந்த கப்பலின் பெயர் சரியாக மடிப்பின்மேல் விழுந்திருந்தது. எழுபது எண்பது ஆண்டுகள் மடிந்து கிடந்ததில் தாள் நைந்து, ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. "நா" என்று தொடங்கி "டா" என்று முடிகிறது. அப்போது அது பெங்கால் கப்பலாக இருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெங்கால் என்பது ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட ஒரு சிறிய கப்பல். 1942 நவம்பர் 11ஆம் தேதி ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தபோது, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டு, ஒரே ஒரு சிறு பீரங்கியோடு மோதியது. அந்தச் சண்டையில் ஹோகோகு மாரு என்ற ஜப்பானியக் கப்பல் மூழ்கியது, பெங்காலும் ஒண்டினாவும் தப்பின. அந்தக் கப்பலில் நம் வீட்டு ஆள் ஒருவர் இருந்தார் என்றால் எவ்வளவு பெருமை. ஆனால் அந்த மாதத்தில் அவர் பெயர் கொடுத்துச் சேர்ந்துகொண்டிருந்தார். எழுத்துகளும் ஒத்துவரவில்லை. விருப்பத்துக்கு ஏற்பத் தாளைப் படிக்கத் தொடங்கினால் தேடல் அங்கேயே கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து இந்தியக் கப்பல்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, போருக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து எழுதுவித்த அதிகாரபூர்வ வரலாற்றின் பக்கங்களைப் புரட்டினேன். அதில் ஸ்லூப் என்ற வகைக் கப்பல்களுக்கு நதிகளின் பெயர் வைத்திருந்தார்கள்: ஜம்னா, சட்லெஜ், கோதாவரி, கிஸ்ட்னா, காவேரி, நர்படா. கடைசிப் பெயரை இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தேன். ஆங்கில எழுத்தில் அன்றைக்கு நர்மதையை அப்படித்தான் எழுதினார்கள். நம் வாயில் அது நர்பதா. அப்பா தொழுவத்தில் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சொன்னதும் கையில் இருந்த வைக்கோலைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். பிறகு மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சித்தப்பா சரியாத்தாம்மா சொல்லியிருக்காரு, நாமதான் நொட்டை சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. நாடு பிரிந்தபோது கடற்படையையும் பிரித்தார்கள். ஆறு நதிக் கப்பல்களில் நான்கு இந்தியாவுக்கும் இரண்டு பாகிஸ்தானுக்கும் போயின. இந்தியாவுக்கு வந்தவற்றின் பெயர்களைப் பிறகு நம் உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். கிஸ்ட்னா கிருஷ்ணா ஆனது, ஜம்னா ஜமுனா ஆனது. நர்படா பாகிஸ்தானின் பங்கில் போய், அங்கே ஜீலம் என்று புதுப்பெயர் பெற்றது. அதனால் நர்மதா என்று அந்தக் கப்பலை யாரும் ஒருநாளும் அழைத்ததில்லை. பழைய பெயரின் அந்த ஒலி, எனக்குத் தெரிந்து, முதுகுளத்தூர்ப் பக்கத்து மாட்டுத் தொழுவம் ஒன்றில் அப்படியே இருந்திருக்கிறது.

நர்படா இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரத்தை ஒட்டிய தார்னிகிராஃப்ட் தளத்தில் கட்டப்பட்டு 1943இல் பணிக்கு வந்தது. ஏறத்தாழ 300 அடி நீளம், இரட்டை இரட்டையாக ஆறு நான்கு அங்குலப் பீரங்கிகள். வணிகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாகப் போவதும் நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அந்த வகைக் கப்பலின் இயல்பான வேலை. 1945 ஜனவரியில் அதற்கு வேறு வேலை வந்தது. பர்மாவின் அரக்கான் கரையை ஜப்பானியரிடமிருந்து மீட்கும் நடவடிக்கை அது. ஜனவரி 3ஆம் தேதி அக்யாப் தீவில், இன்றைய சிட்வேயில், படைகள் இறங்கின. ஜப்பானியர் அதற்கு முன்பே விலகிவிட்டதால் அங்கே சண்டை நடக்கவில்லை. 12ஆம் தேதி மியேபோன் தீபகற்பத்தில் இறங்கியபோது நிலைமை வேறாக இருந்தது. கரை முழுவதும் சேறு. வீரர்கள் இடுப்பளவு சேற்றில் நடந்தார்கள். 21ஆம் தேதி ராம்ரி தீவு, 22ஆம் தேதி காங்கா. நர்படாவும் ஜம்னாவும் மியேபோனிலும் காங்காவிலும் பீரங்கி ஆதரவு தந்த கப்பல்கள்.

அரக்கான் கரையில் கடல் உள்நாட்டுக்குள் நூற்றுக்கணக்கான உப்பங்கழிகளாகப் புகுந்து கிடக்கிறது. பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தின் சாயல் புரியும், ஆனால் அங்கே அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் செங்குத்தான குன்றுகளும் அவற்றில் பீரங்கிகளும் இருந்தன. அந்தக் குறுகிய கழிகளுக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. ஆழ்கடலுக்குச் செய்த ஸ்லூப்புகளை ஆழம் பார்த்துப் பார்த்து உள்ளே கொண்டு போனார்கள். முன்னே படகுகள், பின்னே படகுகள், இரு கரையிலும் எதிரி இருக்கலாம் என்ற நிலை. இப்படிப்பட்ட இடத்தில் ரேடியோவில் பேசினால் எதிரியும் கேட்பான். ஆகவே அருகில் உள்ள கலங்களுக்குச் செய்தி சொல்ல விளக்கும் கொடியும் வேண்டும். கப்பல் தளத்தின் உயரமான, மறைப்பில்லாத இடத்தில் நின்றால்தான் சிக்னல்மேனுடைய விளக்கு மற்றவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிகிற இடம் என்றால் எதிரிக்கும் தெரிகிற இடம்தான். ஆல்டிஸ் விளக்கு என்ற கைவிளக்கின் விசையை அழுத்தி அழுத்தி மோர்ஸ் எழுத்துகளை அனுப்பிக்கொண்டும், எதிர் விளக்கின் எழுத்துகளைப் படித்துச் சொல்லிக்கொண்டும் அவர் அங்கே நின்றிருக்கிறார். அந்த நாட்களில் அவர் என்ன அனுப்பினார், என்ன படித்தார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் கப்பல் அங்கே இருந்தது, அவர் கப்பலில் இருந்தார். தேதிகள் பொருந்துகின்றன. அவருடைய தாய்மாமன் எந்த நாட்டை விட்டு உயிர் பிழைத்து ஓடி வந்தாரோ, அந்த நாட்டின் கரைக்கு அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இதை அறிந்த பிறகுதான் அப்பா ஒரு பழைய நினைவைச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது, கண்மாய் வற்றிய கோடையில் சின்னத் தாத்தா பிள்ளைகளை எதிர்க்கரையில் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, இந்தக் கரையில் தாம் நின்று இரண்டு கையிலும் இரண்டு துண்டுகளைப் பிடித்து ஆட்டுவாராம். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அவர் என்ன ஆட்டினாலும், முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக அகல விரித்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அடுத்த ஆட்டம் தொடங்கும், காட்டாவிட்டால் அதையே மறுபடி ஆட்டுவார். அப்பா எழுபத்தெட்டு வயதில் முற்றத்தில் நின்று கையை விரித்துக் காட்டினார். செமாஃபோர் என்ற கொடி எழுத்து முறையின் படத்தை எடுத்து அதோடு ஒப்பிட்டேன். கைகள் இரண்டும் கிடைமட்டமாக விரிந்தால் அது ஆங்கிலத்தின் ஆர் எழுத்து. சிக்னல் வழக்கில் அந்த எழுத்துக்கு, செய்தி கிடைத்தது என்று பொருள். தாம் சொல்வது ஒருவருக்கும் விளங்காது என்று தெரிந்தும், கிடைத்தது என்ற பதிலை மட்டும் அவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இனி பெரியப்பாவின் விஷயம். பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் தொடங்கிய கடற்படை எழுச்சியில் சின்னத் தாத்தா பங்கெடுத்தார் என்று பல குடியரசு தின விழாக்களில் பேசியவர். அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. எழுச்சி தொடங்கிய இடமே தல்வார்தான். வேலைநிறுத்தக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எஸ். கான், சின்னத் தாத்தாவைப் போலவே சிக்னல் பிரிவைச் சேர்ந்தவர். மோசமான உணவும், இந்திய மாலுமிகளை இழிவாகப் பேசிய அதிகாரிகளின் போக்கும், ஐ.என்.ஏ. வீரர்கள்மீது டெல்லியில் நடந்த விசாரணையும் சேர்ந்து மூட்டிய தீ அது. சில நாட்களில் பம்பாயிலிருந்து கராச்சிக்கும் சென்னைக்கும் பரவியது. சின்னத் தாத்தா தல்வாரில் இருந்தார், சிக்னல் பிரிவில் இருந்தார் என்பதெல்லாம் சரி. ஆனால் சான்றிதழின் கடைசி வரி, அவர் நர்படாவிலிருந்து தல்வாருக்குத் திரும்பி, 1945 டிசம்பரில் படைக்குறைப்பில் விடுவிக்கப்பட்டார் என்று சொல்கிறது. எழுச்சி தொடங்கியபோது அவர் ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இதைப் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் தயங்கினேன். கடைசியில் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். விடுவிப்புத் தேதியின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். "இத எழுதுன கிளார்க்கு மாதத்தைத் தப்பா போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பயண அனுமதிச் சீட்டின் ஒரு துண்டும் அதே டிசம்பர் தேதியோடு உள்ளே ஒட்டியிருப்பதைக் காட்டினேன். "அப்ப நான் பிள்ளைங்ககிட்ட இத்தனை வருசமா பொய்யா சொல்லியிருக்கேன்" என்றார். "பொய் இல்லை பெரியப்பா, தெரியாமச் சொன்னது" என்றேன். அவருக்கு அது ஆறுதலாகப் பட்டதாகத் தெரியவில்லை. எழுச்சியில் ஈடுபட்டவர்கள் வேலையும் இழந்து, சுதந்திர இந்தியாவின் கடற்படையிலும் சேர்த்துக்கொள்ளப்படாமல் வீடு திரும்பினார்கள். அவர்கள் பட்ட பாட்டை, அங்கே இல்லாத ஒருவரின் கணக்கில், அவர் நமக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், எழுதிக்கொள்வது முறையல்ல என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருந்தால், வெளியே தேடுவதற்கு முன் வீட்டுக்குள் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் திறவுகோல் பணி எண்தான். அது சான்றிதழிலோ, ஓய்வூதியத் தாளிலோ, பழைய மணியார்டர் ரசீதிலோ கூட இருக்கும். இந்தியக் கடற்படை மாலுமிகளின் பணிப் பதிவுகளைப் பேணுவது மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் பணியகம். எண்ணும் உறவுமுறைச் சான்றும் இல்லாமல் எழுதுவதால் பயனில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தனிநபர் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் அதிகாரிகளைப் பற்றியவை. ஆனால் ஒரு கப்பல் எந்த நாளில் எங்கே இருந்தது என்பதை அறிய லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்மிரால்டி கோப்புகள், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் கோப்புகள், உதவும். ராம்ரி பகுதிக் கடற்படை நடவடிக்கை குறித்த அறிக்கை 1948இல் லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் வெளிவந்தது. அதை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயர் இருக்கும். உடல் கிடைக்காமல் கடலிலேயே போன 400க்கும் மேற்பட்ட இந்தியக் கடற்படையினரையும் ஆயிரக்கணக்கான வணிகக் கப்பல் தொழிலாளரையும் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள இரட்டை நினைவிடங்களின் பெயரேடு குறிக்கிறது. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் மனம்போனபடி எழுதியிருப்பார்கள் என்பதால், ஒரே பெயரைக் குறைந்தது ஐந்தாறு எழுத்துக்கூட்டில் தேடிப் பார்க்க வேண்டும். ஊரின் பெயரையும் அப்படியே.

புகைப்படத்தில் இடப்பக்கம் நிற்கும் இளைஞரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் கையிலும் குறுக்குக் கொடிகள் இருக்கின்றன. இருவரும் ஒரே வகுப்பில் பயின்றிருக்கலாம். அவர் எந்த ஊர், எந்த மொழி, போரிலிருந்து திரும்பினாரா என்பதை அறிய வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. சின்னத் தாத்தா இத்தனை ஆண்டுகள் அந்தப் படத்தைப் பதக்கத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

சென்ற வாரம் பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் பேச அழைத்திருக்கிறார்கள் என்றார். நேரில் போனபோது நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பி என்னிடம் நீட்டி, "அந்தக் கரையோட பேரைத் தமிழ்ல எழுதிக் குடு" என்றார். மியேபோன் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கீழே தேதியையும் எழுதச் சொன்னார். 1945 ஜனவரி 12 என்று எழுதினேன். அவர் அந்தப் பெயரை மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.